இருபது கட்டத்தில் அடங்காத மாரியம்மாள்

கம்ப்யூட்டர் அறையின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே இரண்டு பெண்கள் நின்றார்கள். இரண்டு பேர் தலையிலும் பஞ்சு ஒட்டியிருந்தது. இரண்டு பேர் கையிலும் தூக்குச்சட்டி. நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்த தாளை ஒருத்தி விரலால் தொட்டுக் காட்டினாள்.

"இது நாந்தான்," என்றாள்.

"ஏட்டி, அது நானு," என்றாள் மற்றவள்.

தாளில் நான் அச்சடித்துக் கொடுத்திருந்த வரி, தமிழில் எழுதினால் இப்படி வரும்: மாரியம்மாள் ஸ்ரீவில்லிபு. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. இரண்டு பேருமே மாரியம்மாள். இரண்டு பேருமே ஸ்ரீவில்லிபுத்தூர். வேலை நிரந்தரமாகப் போவது ஒருத்திக்குத்தான்.

செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வரலாம் என்று கதவைத் திறந்து சொன்னேன். மில்லிலேயே ஏசி இருந்தது அந்த ஓர் அறையில் மட்டும்தான். அவர்கள் வரவில்லை. வாசலில் நின்றபடியே ஒருத்தி கேட்டாள்: "நீங்க சொல்லுங்க கம்ப்யூட்டரக்கா. இது எந்த மாரியம்மா?"

"கம்ப்யூட்டர் தப்புப் பண்ணாது," என்றேன். கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை என்று எனக்கே தெரிந்தது.

வாசலில் நிற்கும் வேலை

எண்பதுகளின் கடைசி. இராஜபாளையத்தில் ஒரு நூற்பு மில்லில் எனக்கு வேலை கிடைத்த கதையை முன்பே எழுதிவிட்டேன். கணக்கில் பட்டம், மதுரையில் ஒரு வருட கம்ப்யூட்டர் டிப்ளமோ, மீதியெல்லாம் வாய். இன்டர்வியூவில் முக்கால்வாசி கேள்விக்கு வாயால்தான் பதில் சொன்னேன்.

மில்லில் பதிலி என்று ஒரு வகை ஆட்கள் உண்டு. நிரந்தரத் தொழிலாளி லீவு போட்டால் அவர் இடத்தில் அன்றைக்கு மட்டும் வேலை பார்க்கிறவர்கள். தினமும் காலையில் மில் வாசலில் வந்து நிற்க வேண்டும். டைம் கீப்பர் வெளியே வந்து பெயர் கூப்பிடுவார். கூப்பிட்டால் உள்ளே போகலாம். இல்லையென்றால் கட்டிக்கொண்டு வந்த சோற்றோடு அடுத்த பஸ்ஸில் ஊருக்குத் திரும்ப வேண்டும்.

நானும் ஸ்ரீவில்லிபுத்தூர் என்பதால் காலையில் அதே டவுன் பஸ்ஸில்தான் போவேன். அந்தப் பெண்கள் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தாலும் நுனியில்தான் உட்காருவார்கள். முதலில் இறங்கி ஓடினால் டைம் கீப்பர் கண்ணில் முதலில் படலாம் என்று ஒரு நம்பிக்கை. அவர் கூப்பிடும் முறைக்கும் ஓட்டத்துக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது.

குறிப்பிட்ட நாட்கள் வேலை பார்த்துவிட்டால் நிரந்தரம். அப்புறம் யாரும் வாசலில் நிற்க வேண்டாம். ரீலிங் பிரிவில், அதாவது நூலைச் சிட்டமாகச் சுற்றும் பிரிவில், பதிலிகள் எல்லாம் பெண்கள். அவர்களில் யார் யாருக்கு நாள் நிறைந்துவிட்டது என்று பார்த்துச் சொல்வதுதான் என் கம்ப்யூட்டரின் முதல் பெரிய வேலை.

நிரந்தரத் தொழிலாளிக்கு டோக்கன் நம்பர் உண்டு. பதிலிக்கு அது கிடையாது. பெயர்தான் அடையாளம். கோளாறு ஆரம்பித்ததும் அங்கேதான்.

இருபது கட்டம்

அப்போது நான் பேசிக் மொழியில்தான் புரோகிராம் எழுதுவேன். அதில் ஒரு ஃபைலைத் திறக்கும்போதே ஒவ்வொரு தகவலுக்கும் எத்தனை எழுத்து என்று சொல்லிவிட வேண்டும். பெயருக்கு இருபது என்று வைத்தேன். பாரத்தில் கட்டம் கட்டமாகப் போட்டிருப்பார்களே, அது மாதிரி இருபது கட்டம். பெயர் சின்னதாக இருந்தால் மீதி காலியாகக் கிடக்கும். பெரிதாக இருந்தால் இருபதாவது எழுத்தோடு வெட்டிவிடும். வெட்டியதைப் பற்றி மெஷின் மூச்சு விடாது.

இருபது போதும் என்று மதுரையில் சொல்லித் தந்தார்கள். சொல்லித் தந்தவருக்கு எங்கள் ஊர்ப் பக்கத்துப் பழக்கம் தெரியாது. இங்கே ஒரு தெருவுக்கு நாலு மாரியம்மாள், மூன்று இசக்கியம்மாள். அதனால் பெயரைக் கேட்டால் வாலோடு சேர்த்துத்தான் சொல்வார்கள். எந்த ஊர், எந்தத் தெரு, யார் வீடு என்று வரிசையாக வரும். டைம் கீப்பரும் அப்படியேதான் எழுதுவார். முதலில் பெயர், அடுத்து ஊர், கடைசியில் தெரு.

இப்போது எண்ணிப் பாருங்கள். மாரியம்மாள், ஆங்கிலத்தில் ஒன்பது எழுத்து. ஓர் இடைவெளி. ஆக பத்து. மிச்சம் இருப்பது பத்துக் கட்டம். எங்கள் ஊர்ப் பெயரோ பதினான்கு எழுத்து. ஊரே உள்ளே நுழைய முடியவில்லை, தெரு எங்கே நுழையும்?

நந்தவனத் தெரு மாரியம்மாள், ஸ்டேஷன் ரோடு மாரியம்மாள் இரண்டு பேரும் என் ஃபைலில் ஒரே ஆளாகிவிட்டார்கள். நந்தவனம் வந்த நாளும் அந்தப் பெயரில் ஏறியது. ஸ்டேஷன் ரோடு வந்த நாளும் அதே பெயரில் ஏறியது. இரண்டு பேரும் வந்த நாளில் ஒரு நாள் மட்டும் ஏறியது. இல்லாத மூன்றாவது மாரியம்மாள் ஒருத்தி அநேகமாகத் தினமும் வேலைக்கு வந்து, நாளை நிறைத்து, நிரந்தரமாகிக்கொண்டிருந்தாள்.

இவ்வளவும் எனக்குப் புரிய அன்றைக்கு அரை மணி நேரம் ஆனது. அந்த அரை மணி நேரமும் அவர்கள் கதவருகிலேயே நின்றார்கள். புரிந்ததும் காது சூடாகிவிட்டது. தப்பு மெஷினுடையது அல்ல, என்னுடையது. அதை அவர்களிடம் சொல்லவும் செய்தேன். சொன்னது எனக்குத்தான் பெரிய விஷயம். அவர்களுக்கு அதனால் ஒன்றும் ஆகவில்லை.

லேபர் ஆபீசரின் கெடு

நந்தவனத் தெரு மாரியம்மாள், பதிவில் மூத்தவள் தான்தானே என்ற தைரியத்தில், முந்தின நாளே ரீலிங் முழுக்கக் காராச்சேவும் மிட்டாயும் கொடுத்துவிட்டாள். லேபர் ஆபீசரும் அவள் பக்கம்தான் பேசினார்.

"திங்கக்கெழம பத்து மணிக்கு எனக்கு லிஸ்ட் வேணும்மா. உங்களால பிரிச்சுத் தர முடியலன்னா பழைய ஆளுக்குப் போட்டுருவேன். இன்னொருத்தி அடுத்த லிஸ்ட்டுல வரட்டும்."

அடுத்த லிஸ்ட் எப்போது என்று அவருக்கே தெரியாது.  அவர் போன பிறகு ஸ்டேஷன் ரோடு மாரியம்மாள் என்னிடம் கேட்டாள்.

"அக்கா, நான் வந்த நாளு எங்கயாவது எழுதி இருக்குமா?"

இருந்தது. டைம் கீப்பர் சுப்பராஜா ஒவ்வொரு பதிலிக்கும் தினமும் ஒரு ரோஸ் நிறச் சீட்டு எழுதுவார். நான் கம்ப்யூட்டரில் ஏற்றியதும் சீட்டைக் கம்பியில் குத்தி வைத்துவிடுவார். சீட்டில் கட்டம் கிடையாது. பெயர், ஊர், தெரு எல்லாம் முழுசாக இருக்கும்.

சுப்பராஜாவுக்கும் எனக்கும் ஆகாது. கம்ப்யூட்டர் வந்ததிலிருந்து தன் ரெஜிஸ்டரை யாரும் மதிப்பதில்லை என்று அவருக்கு வருத்தம். சீட்டுகள் எல்லாம் வேண்டும், சனி ஞாயிறு இரண்டு நாளும் உட்கார்ந்து வாசித்துச் சொல்லவும் வேண்டும் என்று போய் நின்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏம்மா, எழுதுறதுக்கு எனக்கு ஒரு பேனா போதும். ஒங்க மெஷினுக்கு மதுரையில இருந்து ஆள் வந்து வயர் போட்டான். அதுக்கு ஒரு தெருப் பேர எழுத எடமில்லையாக்கும்?"

"இனிமே இருக்கும்," என்றேன்.

"சரே," என்றார். அவர்கள் வீட்டில் தெலுங்கு. சம்மதித்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன்.

விசிலா, தலையெண்ணிக்கையா

அந்த வாரம்தான் நான் சி மொழி படித்துக்கொண்டிருந்தேன். ஜெராக்ஸ் போட்ட புத்தகம், பாதிப் பக்கம் கறுப்பாக இருக்கும். நீளம் முன்கூட்டித் தெரியாத பெயரை ஃபைலில் எழுத அதில் இரண்டு வழிகள் கிடைத்தன.

ஒன்று, பெயர் முடிந்த இடத்தில் ஒரு குறி போடுவது. திரும்ப வாசிக்கும்போது குறி வரும்வரை வாசித்துக்கொண்டே போக வேண்டும். கண்டக்டர் விசில் அடிக்கிறவரை பஸ் போய்க்கொண்டே இருப்பது மாதிரி. இன்னொன்று, பெயருக்கு முன்னால் அதில் எத்தனை எழுத்து என்று ஓர் எண் எழுதுவது. வாசிக்கும்போது முதலில் எண்ணை வாசித்து, அப்புறம் அத்தனை எழுத்தை மட்டும் எடுக்க வேண்டும். செக்கிங் இன்ஸ்பெக்டர் ஏறினால் கண்டக்டர் தலையை எண்ணுவாரே, அந்த முறை.

குறி போடும் வழி சுலபம்தான். ஆனால் சுப்பராஜாவின் எழுத்தில் இல்லாத குறி உலகத்தில் இல்லை. வேலையை விட்டுப் போனவருக்குச் சாய்கோடு, கல்யாணமாகி வேறு ஊர் போனவருக்கு நட்சத்திரம், ஏதாவது சந்தேகம் என்றால் கேள்விக்குறி. எதையும் விட்டுவிடக் கூடாது என்றும் உத்தரவு போட்டுவிட்டார். எந்தக் குறியை நான் முடிவுக்கு வைத்தாலும் அது யாரோ ஒருவர் பெயருக்கு நடுவில் வந்து நின்றுவிடும். அதனால் எண்ணி எழுதும் வழிதான் என்று முடிவு செய்தேன்.

முதலில் எண். அடுத்து பெயர், அது எத்தனை நீளமாக இருந்தாலும் சரி. அதன் பின்னால் அவர் வேலை பார்த்த நாட்கள். இவ்வளவுதான் புரோகிராம். வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் எழுதி முடித்து, என் பெயரையும் அப்பா பெயரையும் தெருப் பெயரையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தேன். ஓர் எழுத்துக் குறையாமல் திரும்பி வந்தது. அந்தச் சந்தோஷத்தில் கேன்டீனில் இரண்டு வடை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

சீட்டு வாசிப்பு

சனிக்கிழமை காலையில் ரெஜிஸ்டரைப் பார்த்து எல்லாப் பெயரையும் அகர வரிசையில் ஏற்றினேன். எல்லோருக்கும் நாள் பூஜ்யம். பிறகு சுப்பராஜா கம்பியிலிருந்து சீட்டுகளை மாதம் மாதமாக உருவி வாசித்தார். அவர் ஒரு பெயர் சொன்னதும் நான் அந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கிற நாளில் ஒன்றைக் கூட்டி அதே இடத்தில் எழுதுவேன். ரீலிங்கில் ஒரு நாளைக்கு ஐந்தாறு பதிலிதான், அதனால் வேகமாகவே போனது.

சீட்டு ஒவ்வொன்றிலும் நடுவில் ஓட்டை. பஞ்சுத் தூசி கொட்டும். சுப்பராஜா வாசிப்பார், இடையிடையே தும்முவார். மானிட்டருக்கு நான் தைத்துப் போட்டிருந்த பேண்டேஜ் துணி உறையை எடுத்து மூக்கைத் துடைக்கப் போனார். வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் ஸ்டேஷன் ரோடு மாரியம்மாள் கதவைத் தட்டினாள். அன்றைக்கு அவளைக் கூப்பிட்டிருக்கவில்லை. காலையிலேயே ஊருக்குப் போயிருக்க வேண்டியவள்.

"எம் பேரு வருதாக்கா?"

"வருது. நீ ஏன் இன்னும் போகல?"

"செத்த நேரம் இருந்து பாத்துட்டுப் போவோம்னுதான்." சுப்பராஜா கையில் இருந்த சீட்டுக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ரெண்டு வருசமா நான் எம்புட்டு நாளு வந்தேன்னு எனக்கே தெரியாது. திரும்பிப் போன நாளுதான் நெனப்புல இருக்கு."

 அவளைத் திருப்பி அனுப்பிய நாளெல்லாம் அனுப்பியது சுப்பராஜாதான். அடுத்த சீட்டை வாசிக்கும்போது அவர் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை செய்த கிறுக்குத்தனம்

ஞாயிறு மத்தியானம் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. அப்போது சுப்பராஜா ஒன்று சொன்னார். மகாராஜபுரத்திலிருந்து வருகிற இசக்கியம்மாள் இரண்டு பேர், ஒரே தெரு வேறு. ஒருத்தி புதிதாகச் சேர்ந்தவள், இன்னும் ஒரு நாள்கூடக் கூப்பிடவில்லை. ஒருத்திக்கு மட்டும் கடைசியில் அவள் வீட்டுக்காரர் இனிஷியலைச் சேர்த்துவிடலாம், பின்னால் குழப்பம் வராது.

நல்ல யோசனை. இரண்டு நாளாக நான் நாட்களை இருந்த இடத்திலேயே மாற்றி மாற்றி எழுதிக்கொண்டிருந்தேன். கை அதற்குப் பழகிவிட்டது. அதே வேகத்தில் இசக்கியம்மாள் இருந்த இடத்துக்குப் போய், எண்ணை இரண்டு கூட்டி, ஓர் இடைவெளியும் ஓர் எழுத்தும் சேர்த்து, நாளையும் எழுதிவிட்டேன்.

லிஸ்ட்டை அச்சடிக்கச் சொன்னேன். இசக்கியம்மாள் வரை அழகாக வந்தது. அதற்குக் கீழே ஒரே குப்பை. ஒரு வரியில் மூன்று பேரின் தெருக்கள், அடுத்த வரியில் பாதி ஊரும் பாதி எண்ணும். காளியம்மாள் இல்லை. மாரியம்மாள் ஒருத்தி கூட இல்லை.

"என்னம்மா, எல்லாரும் செத்துட்டாகளா?" என்றார் சுப்பராஜா.

 எனக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது. நாளை பத்து மணிக்கு லேபர் ஆபீசர் பழைய ஆளுக்குப் போட்டுவிடுவார். கூடுதல் வடை சாப்பிட்ட திமிரெல்லாம் வடிந்துவிட்டது.

பேப்பரை எடுத்து எழுத்து எழுத்தாகப் போட்டுப் பார்த்தபோதுதான் விளங்கியது. நாள் என்பது எவ்வளவு கூடினாலும் ஒரே அளவு இடம்தான். பெயர் அப்படி இல்லை. இசக்கியம்மாளுக்கு நான் கூட்டிய இரண்டு இடம் வானத்திலிருந்து வரவில்லை. பின்னால் நின்ற காளியம்மாளின் எண்ணையும் முதல் எழுத்தையும் அழித்துத்தான் வந்தது. மெஷின் அடுத்து எண் இருக்கும் என்று நினைத்து, காளியம்மாளின் இரண்டாவது எழுத்தான ஏ-யை எண்ணாக எடுத்துக்கொண்டது. மெஷினின் பாஷையில் ஏ என்றால் அறுபத்தைந்து. அறுபத்தைந்து எழுத்தை அள்ளி ஒரே பெயர் என்று சொல்லிவிட்டது. அதற்கு அப்புறம் யாரும் அவரவர் இடத்தில் இல்லை.

நீளம் மாறுகிற பெயரை நடுவில் புகுந்து திருத்த முடியாது. பழைய ஃபைலை ஒவ்வொரு பெயராக வாசித்து, புது ஃபைலில் எழுதிக்கொண்டே போய், திருத்த வேண்டியது வரும்போது திருத்தியதை எழுதி, மீதியையும் அதன் பின்னால் எழுதி முடிக்க வேண்டும். இது இன்றைக்கு எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். எனக்கு அது ஓர் ஆளின் பிழைப்பை நடுவில் வைத்துத் தெரிய வேண்டியிருந்தது.

நல்லவேளையாக, கரண்ட் எப்போது போகுமோ என்ற பயத்தில் சாப்பாட்டுக்குப் போகும் முன் எல்லாவற்றையும் ஃபிளாப்பியில் எடுத்து வைத்திருந்தேன். அதிலிருந்து ஆரம்பித்தேன். அதற்குப் பின் வாசித்த சீட்டுகளைச் சுப்பராஜா மறுபடி வாசித்தார், முணுமுணுப்பே இல்லாமல். இன்னொன்றும் செய்தார். இரண்டு மாரியம்மாள் சீட்டுகளையும் தனித்தனியே பிரித்துக் கையாலேயே எண்ணினார். எண்ணி முடித்து, மெஷின் சொன்ன எண்ணைப் பார்த்தார். இரண்டும் ஒன்று.

"சரியாத்தாம்மா இருக்கு," என்றார். அந்த மில்லில் எனக்குக் கிடைத்த பெரிய சர்டிபிகேட் அதுதான்.

பதினோரு நாள்

திங்கட்கிழமை லிஸ்ட் போர்டில் ஏறியது. தெரு வரைக்கும் முழுப் பெயரோடு. ஸ்டேஷன் ரோடு மாரியம்மாளுக்கு நாள் நிறைந்து நாலைந்து நாள் கூடவே இருந்தது. நந்தவனத் தெரு மாரியம்மாளுக்குப் பதினோரு நாள் குறைவு.

நந்தவனம் என் அறைக்கு வந்தாள். இந்த முறை செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளேயே வந்தாள்.

"மிட்டாய் குடுத்த பொறவு இப்படிப் பண்ணிட்டீகளே," என்றாள். "வீட்டுல அவியகிட்ட நான் என்னன்னு சொல்ல? பதினோரு நாளு எனக்கு எப்பக் கெடைக்கும்? எல்லா எடத்துக்கும் ஆளு நெரந்தரமாயிட்டு, இனி மாசத்துக்கு ரெண்டு நாளு கூப்புட்டா அதே பெருசு."

 கணக்கு சரி, புரோகிராம் சரி, சீட்டு சரி. எல்லாம் சரியாக இருந்தும் அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. முதல் தப்பை நான் செய்யாமல் இருந்திருந்தால் இவள் மிட்டாய் கொடுத்திருக்க மாட்டாள் என்பதுதான் திரும்பத் திரும்ப வந்தது.

அந்த வாரம் முழுவதும் அவள் பஸ்ஸில் என் பக்கம் திரும்பவில்லை. மில் வாசலில் நிற்பாள், பெயர் வராது, திரும்பிப் போவாள்.

அடுத்த திங்கட்கிழமை காலை, சீட்டு வாங்கிக்கொள்ள டைம் ஆபீஸில் இருந்தேன். ஸ்டேஷன் ரோடு மாரியம்மாள் உள்ளே வந்தாள். புது டோக்கன் கழுத்தில் கயிற்றில் தொங்கியது. தலை வாரி, பூ வைத்து, பளிச்சென்று இருந்தாள்.

"லீவு வேணும்ணே," என்றாள். "காச்சல்."

சுப்பராஜா நிமிர்ந்து பார்த்தார். "ஒனக்கா? எம்புட்டு நாளைக்கு?"

"பதினோரு நாளைக்கு."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். பிறகு லீவு ரெஜிஸ்டரை எடுத்து எழுத ஆரம்பித்தார். அத்தனை வருடத்தில் எந்தத் தொழிலாளியிடமும் அவர் கேட்டிராத ஒன்றைத் தலையைத் தூக்காமலே கேட்டார்.

"ஒன் எடத்துல பதிலிக்கு யாரக் கூப்புடட்டும்?"

"எம் பேருக்காரி ஒருத்தி வெளிய நிக்கா," என்றாள் மாரியம்மாள். "அவளக் கூப்புடுங்க."